பட்டியலில் இல்லாத மாத்திரை

அமெரிக்கக் கட்டுமானத் தளங்களில் போதைப்பொருள் சோதனை பரவிய வரலாற்றைச் சட்ட நூல்களில் மட்டும் தேடுவது பயன்தராது. ரொனால்ட் ரீகனின் 1986ஆம் ஆண்டு ஆணை நடுவண் அரசு ஊழியர்களுக்கு உரியது. 1988இன் போதைப்பொருளற்ற பணியிடச் சட்டம் அரசு ஒப்பந்ததாரர்களைக் கட்டுப்படுத்தியது. ஆயினும் எந்தத் தொழிலாளியின் சிறுநீரையும் சோதிக்குமாறு அது கட்டளையிடவில்லை. கட்டுமானத் துறையில் அவ்வேலையைப் பெரிதும் செய்தவை ஒப்பந்த நிபந்தனைகளும் காப்பீட்டுக் கட்டணச் சலுகைகளுமே.

நிறுவனங்கள் பலவும் நடுவண் அரசின் ஐந்து பொருள் பட்டியலையே கடன் வாங்கின: கஞ்சா, கொக்கெய்ன், ஆம்ஃபெட்டமின், பி.சி.பி., அபின் வகை. இறுதியிலுள்ள 'அபின் வகை' மார்ஃபின், கோடீன், ஹெராயின் ஆகியவற்றோடு நின்றுவிட்டது. 1990களின் பிற்பகுதியிலிருந்து முதுகுவலிக்கு மருத்துவர்கள் தாராளமாக எழுதித் தந்த ஆக்சிகோடோனும் ஹைட்ரோகோடோனும் அதில் இல்லை. சுமை தூக்கியே முதுகு தேய்ந்தவர்கள் நிறைந்த தொழில் இது. கஞ்சாவின் சுவடோ சிறுநீரில் வாரக்கணக்கிலும் தங்கக்கூடும். எனவே விடுமுறையில் புகைத்தவர் வேலையை இழக்க, வலிமாத்திரைக்கு அடிமையானவர் எவர் கண்ணிலும் படாமல் சாரத்தில் ஏறினார்.

ஆங்கிலத்தில் 'டிரக்' என்னும் ஒரே சொல் மருந்தையும் போதைப்பொருளையும் குறிக்கும். தமிழில் அச்சட்டத்தின் பெயரைச் சொல்பவர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். பட்டியலை வகுத்தவர்களுக்கு அந்த நெருக்கடி நேரவில்லை.

அவ்விரு மாத்திரைகளும் 2017-18இல்தான் பட்டியலில் சேர்ந்தன. 2020இல் மிகைமருந்து இறப்பு விகிதம் கட்டுமான, சுரங்கத் தொழிலாளரிடையேதான் மிக அதிகம்: லட்சத்துக்கு 162.6. அவ்வாண்டுகளில் மிகுதியாக உயிர் பறித்த ஃபென்டனில், நடுவண் அரசின் பட்டியலை எட்ட 2025 ஆயிற்று.