பழவேற்காட்டில் பெண்கள் நூற்றதும் முடைந்ததும்

பழவேற்காட்டுக்குச் சுற்றுலா வருபவர்கள் பெரும்பாலும் டச்சுக் கல்லறைக்குத்தான் வழி கேட்கிறார்கள். எலும்புக்கூடுகள் செதுக்கிய அதன் வாயிலைப் படமெடுத்து, போகும்போது இறால் வாங்கிக்கொண்டு கிளம்புகிறார்கள். டச்சுக்காரர்கள் இங்கே இறாலுக்காக வரவில்லை, துணிக்காக வந்தார்கள்.

1613இல் கெல்ட்ரியா கோட்டையைக் கட்டிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி, 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறும்வரை சோழமண்டலக் கரை வணிகத்தை இங்கிருந்துதான் நடத்தியது. கிராம்பும் ஜாதிக்காயும் விளைந்த கிழக்குத் தீவுகளில் இந்தியத் துணியைக் கொடுத்துத்தான் சரக்கு வாங்க முடிந்தது. சாயவேரின் சிவப்பும் அவுரியின் நீலமும் ஏறிய துணிகள் கப்பல் கப்பலாகப் போயின. மலாய்க்காரர்கள் கட்டம்போட்ட கைலியை இன்றும் இந்த ஊரின் பெயரால்தான் அழைக்கிறார்கள். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிளாஸ்கோ நெசவாளர்கள் பழவேற்காட்டுக் கைக்குட்டையைப் பார்த்து நெய்து, இதே ஊர்ப் பெயரில் விற்றார்கள்.

இந்த வரலாற்றில் வணிகர், தரகர், நெசவாளர் எல்லோரும் வருகிறார்கள். தறிக்கு நூல் தந்தவர்கள்தான் அபூர்வமாக வருகிறார்கள். ராட்டையில் நூற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள். வயல் வேலை இல்லாத மாதங்களில் கூலிப் பெண்களும், வேறு வருமானமற்ற விதவைகளும் நூற்ற நூல் சந்தை வழியாகத் தறிக்குப் போனது. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்து மில் நூல் மலிவாக வந்து இறங்கியதும் நெசவாளர்கள் பலர் அதை வாங்கி நெய்து தொழிலைக் காப்பாற்றிக்கொண்டார்கள். நூற்றவளுக்கு அந்த வழியும் இல்லை.

பழவேற்காட்டுப் பெண்களின் கையில் நிலைத்த தொழில் பனையோலை. குறிப்பாக இங்குள்ள முஸ்லிம் குடும்பங்களின் பெண்கள் வாசல் தாண்டாமலே செய்யக்கூடிய வேலையாக இதைத் தலைமுறைகளாகச் செய்துவருகிறார்கள். குருத்தோலையை வெயிலில் உலர்த்தி, ஈர்க்கு நீக்கி, ஒரே அகலத்தில் கிழித்து, கொதிக்கும் சாயத்தில் முக்கி எடுத்த பிறகே முடைதல் தொடங்கும். மூடியுள்ள பெட்டி, கூடை, விசிறி எல்லாமே இப்படித்தான் பிறக்கின்றன. கிழிப்பதில் அகலம் பிசகினால் மூடி பொருந்தாது. வேலையின் பாதிக் கடினம் அங்கேதான். ஆனால் வீட்டுக்குள்ளேயே செய்யலாம் என்ற வசதிக்கு ஒரு விலை உண்டு. சரக்கு வெளியே போக யாரோ ஒருவர் வேண்டும், அவர் சொல்வதே விலை.

பழவேற்காடு ஏரிக்கரையின் மீனவக் குப்பங்களில் நிலைமை வேறு. எந்த இடத்தில், என்றைக்கு, யார் வலை போடலாம் என்பதை முறைவைத்துப் பிரிக்கும் ‘பாடு’ ஆண்களுக்கானது. பெண்கள் மீனை ஓலைக் கூடையில் சுமந்து விற்றார்கள். அந்த ஓலைக் கூடையின் இடத்தை அலுமினிய அன்னக்கூடையும் பிளாஸ்டிக்கும் பிடித்தபோது, முடைபவர்களுக்கு உள்ளூர்ச் சந்தையும் சுருங்கியது.

தமிழ்நாட்டில் 1989இல் தர்மபுரியில் தொடங்கிய சுயஉதவிக் குழு முயற்சி, 1997-98இல் மகளிர் திட்டமாக விரிந்தது. 2004 சுனாமிக்குப் பிறகு கடற்கரையெங்கும் தையல் வகுப்புகள் பெருகின. ஆதரவற்ற பெண்களுக்கு அரசே சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் தையல் இயந்திரம் தருகிறது. எல்லாம் நல்லதுதான். ஆனால் ஒரே தெருவில் பத்துப் பேர் ரவிக்கை தைக்கக் கற்றால் யாருக்குத் தைப்பது? பயிற்சி கொடுப்பவர்கள் இந்தக் கேள்வியைப் பெரும்பாலும் கடைசியாகத்தான் கேட்கிறார்கள்.

காரைக்குடியில் அது முதலிலேயே கேட்கப்பட்டது. விசாலாட்சி ராமசாமியின் அறக்கட்டளை, மறைந்துகொண்டிருந்த செட்டிநாட்டு ஓலைக் கூடையான கொட்டானைக் கிராமப் பெண்களுக்குக் கற்றுத்தந்ததோடு நிற்காமல், வாங்குவோரையும் தேடியது. பின்னர் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது.

2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்த பிறகு, பரிசுப் பெட்டியாகவும் தாம்பூலக் கூடையாகவும் ஓலைக்கு நகரத்தில் மீண்டும் கிராக்கி வந்திருக்கிறது. இப்போது வேறொரு தடை: குருத்து வெட்ட மரமேறுபவர்கள் மாநிலமெங்கும் குறைந்துவிட்டார்கள். ஓலைக்குக் கொடுக்கும் காசும் முடைபவளின் கூலியிலிருந்துதான் போகிறது.