பரண்ல கிடக்கிற துப்பாக்கி: செஞ்சது யாரு?

1/ விருதுநகர் பக்கம் பழைய வீட்டுப் பரண்ல நாட்டுத் துப்பாக்கி கிடைச்சா, உப்புத்தாள் போட்டுத் தேய்க்காதீங்க மக்களே. துருவோட சேர்ந்து செஞ்சவர் பேரும் போயிடும்.

2/ திப்பு சுல்தானோட ஸ்ரீரங்கப்பட்டணத்துத் துப்பாக்கிகளைப் பாருங்க. புலிவரி அலங்காரம், செஞ்சவர் பேர், ஊர், மௌலூதி ஆண்டு எல்லாம் பொறிச்சிருக்கும். அந்த ஆண்டின் எண்களை வலமிருந்து இடமா வாசிக்கணும்!

3/ நம்ம பாளையங்கள்ல? 1801இல் ஊமைத்துரையின் கிளர்ச்சியை அடக்கின கையோட, கோட்டைகளை இடிச்சு, ஆயுதம் வெச்சிருக்கவே தடை போட்டது கம்பெனி. அதனால மிஞ்சின ஒவ்வொரு எழுத்தும் சாட்சி.

4/ டாக்டரா ஒண்ணு: குழலுக்குள்ள மருந்து திணிச்சபடியே இருக்கலாம். ஈரம் படாத கருமருந்து எத்தனை வருஷமானாலும் வெடிக்கும். சிவகாசிக்காரங்களுக்கு இது தெரியும். விசையைத் தொடாதீங்க. போட்டோ எடுத்துட்டு, போலீஸ்ல சொல்லுங்க.