தூர்வாருதல் (காவிரிப் படுகை)

தஞ்சாவூர் வட்டாரத்தில் பாசனத்துக்கு முன் ஆறு, வாய்க்கால், வடிகால்களில் சேர்ந்த வண்டலையும் ஆகாயத்தாமரையையும் அகற்றும் கோடைக்காலப் பணி. 1934-இல் கட்டி முடிந்த மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-இல் திறக்கப்படும். அதற்குள் பணி முடிய வேண்டும். கண்காணிப்பின் சிக்கல் அங்கேதான்: தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால் எவ்வளவு மண் அள்ளினார்கள் என்று அளப்பது கடினம், கடைமடைக்கு நீர் எட்டாதபோதுதான் குறை தெரியவரும்.

முன்பு இந்தத் தூர்வாரல் குடிமராமத்தாக, அதாவது ஊராரே கூடிச் செய்யும் பராமரிப்பாக, நடந்தது. ஊரார் தாமாகவே திரண்டார்கள் என்ற பழம்பெருமையைச் சற்று ஐயத்தோடுதான் கேட்க வேண்டும். வராதவர்களை வரவழைக்க 1858-இலேயே சென்னை மாகாணத்தில் கட்டாய உழைப்புச் சட்டம் வந்துவிட்டது. தமிழக அரசு 2017-இல் மாநிலமெங்கும் 1,519 பணிகளுக்கு 100 கோடி ரூபாய் ஒதுக்கிக் குடிமராமத்தைப் புதுப்பித்தது. பணிச் செலவில் பத்து விழுக்காட்டைப் பாசனதாரர்கள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தரவேண்டியிருந்தது. பேருக்குத்தான் விவசாயிகள் சங்கம், வேலையெல்லாம் ஒப்பந்ததாரருடையது என்ற புகார் டெல்டாவில் எழுந்தது.