பதினொரு நாள் மௌனம்
2014 ஏப்ரலோடு விண்டோஸ் எக்ஸ்பிக்கு ஆதரவு நிற்கிறது என்று, எங்கள் அலுவலகக் கணினிகளை எல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை விண்டோஸ் 7-க்கு மாற்றிவிட்டார்கள். திங்கள் காலை ஹெட்போனை மாட்டினேன். சத்தமே இல்லை. பார்வையற்ற எனக்குத் திரையில் இருப்பதைக் குரலில் வாசித்துக் காட்டும் திரைவாசிப்பானின் பழைய பதிப்பு புதிய இயங்குதளத்தில் ஓடாதாம். என்னிடம் யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. பதினொரு நாள், பக்கத்து மேஜைத் தம்பி கடிதங்களை வாசிக்க வாசிக்க நான் தட்டச்சு செய்தேன். இருபது வருட அனுபவம் உள்ளவனுக்கு அது பெரிய வலி.

இந்த மௌனத்துக்குப் பழைய வரலாறு உண்டு. விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்தில் திரை என்பது 80 எழுத்து அகலம், 25 வரி உயரம். எந்த இடத்தில் எந்த எழுத்து என்பது நினைவகத்தில் அப்படியே கிடக்கும். எடுத்துக் குரல் கருவிக்குக் கொடுத்தால் பேசிவிடும். விபத்தில் பார்வை இழந்த மோட்டார் சைக்கிள் பந்தய வீரர் டெட் ஹென்டரின் நிறுவனம் 1989-இல் ஜாஸ் என்ற திரைவாசிப்பானை வெளியிட்டது அந்த டாஸுக்குத்தான்.

விண்டோஸில் எழுத்தும் புள்ளிகளால் வரைந்த படமாகிவிட்டது. புள்ளியை எப்படி வாசிப்பது? 'இந்த எழுத்தை இங்கே வரை' என்று நிரல்கள் இடும் கட்டளைகளை வழியிலேயே ஒட்டுக்கேட்டு, திரையின் நகலைத் திரைவாசிப்பான் தனக்குள் கட்டிக்கொண்டது. வரையும் முறை மாறினால் அந்த நகலும் குலைந்துபோகும். விண்டோஸ் 95 வந்தது 1995-இல். நிரல்கள் தங்களைப் பற்றித் திரைவாசிப்பானுக்குத் தாங்களே சொல்ல மைக்ரோசாஃப்ட் வழி செய்தது 1997-இல். ஆப்பிளிலும் இதே கதை. பழைய மேக்கில் பேசிய அவுட்ஸ்போக்கன், 2001-இல் வந்த மேக் ஓஎஸ் எக்ஸுக்கு மாறவே இல்லை. 2005-இல் ஆப்பிளின் சொந்தத் திரைவாசிப்பான் வாய்ஸ்ஓவர் வரும்வரை பார்வையற்ற மேக் பயனர்கள் பழைய கணினியோடுதான் இருந்தார்கள். முதலில் இயங்குதளம், அப்புறம்தான் நாங்கள்.

என் மௌனத்தைக் கலைத்தது என்விடிஏ என்ற திரைவாசிப்பான். ஆஸ்திரேலியாவில் பார்வையற்ற இளைஞர் மைக்கேல் கரன் 2006-இல் எழுதத் தொடங்கியது. இலவசம், பென்டிரைவிலிருந்தே ஓடும், தமிழும் வாசிக்கும். அதைச் செருக அனுமதி வாங்கத்தான் பதினொரு நாள்.

விண்டோஸ் 10-க்கும் 2025 அக்டோபரில் ஆதரவு நின்றது. இந்த முறை புதிய இயங்குதளத்தை நிறுவும்போதே வந்து உட்கார்ந்துவிட்டேன். விண்டோஸின் சொந்தத் திரைவாசிப்பானை எழுப்ப விண்டோஸ், கன்ட்ரோல், என்டர் மூன்றையும் சேர்த்து அழுத்தினேன். எந்த மொழி வேண்டும் என்று கணினி கேட்டது.