அம்மை குத்திய கை

பெரியம்மைத் தடுப்பு ஊசி 1802இல் பம்பாய் வழியாக இந்தியாவுக்கு வந்தது. தொடக்கத்தில் ஒரு குழந்தையின் கைக் கொப்புளத்து நீரை எடுத்து அடுத்த குழந்தைக்குக் குத்தினார்கள். பெற்றோர் மிரண்டதில் வியப்பில்லை. பின்னர் கன்றுகளிடமிருந்து மருந்து எடுக்கப்பட்டது. சென்னை கிண்டியிலுள்ள கிங் நிலையம் அதைத் தயாரித்தது.

இன்றைய ஊசி வலி ஓரிரு நாளில் போய்விடும். அம்மை குத்திய கையோ வாரக்கணக்கில் படுத்தியது. நாலைந்து நாளில் கொப்புளம் எழும்பும். எட்டு, பத்தாம் நாளில் சீழ் கோத்து, அக்குளில் நெறி கட்டி, காய்ச்சல் அடிக்கும். சொறியாமல், புண்ணை உலரவிட்டுக் காத்திருப்பதே வழி. மூன்றாம் வாரம் பொருக்கு உதிர்ந்து தழும்பு நிற்கும்.

1980இல் பெரியம்மை ஒழிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. பிற்காலத்தில் பிறந்தோர் புயத்திலுள்ள தழும்பு பெரும்பாலும் பி.சி.ஜி. ஊசியுடையது.