தூதரக வாயில்

தூதுவருக்குத் தீங்கிழைத்தலாகாது என்பது தொன்றுதொட்டு வரும் அரசநீதி. 1961ஆம் ஆண்டின் வியன்னா உடன்படிக்கையும் தூதரகத்தைக் காக்கும் கடமையை, அஃது அமைந்துள்ள நாட்டின் அரசிடமே ஒப்புவித்தது. தீவிரவாதியோ எந்நீதிக்கும் கட்டுப்பட்டவனல்லன்.

2008 ஜூலை 7 அன்று காபூலில் நமது தூதரக வாயிலில் கார்க்குண்டு வெடித்தது. மாண்டவர் 50க்கும் மேற்பட்டோர். நம் அதிகாரிகள் இருவரும் காவலர் இருவரும் அவருள் அடங்குவர். மற்றையோரில் பெரும்பாலோர் ஆப்கானியர்; விசா வேண்டிக் காத்து நின்றோரும் அவருள் இருந்தனர்.

நம் அரசு மதிலை வலுப்படுத்தியது, பணியை நிறுத்தவில்லை. 218 கிலோமீட்டர் நீளமுள்ள சரஞ்ச்–தெலாராம் சாலையை 2009 ஜனவரியில் ஆப்கானியரிடம் ஒப்படைத்தது. அவ்வாண்டு அக்டோபர் 8 அன்று மீண்டும் குண்டு வெடித்தது. மதில் உள்ளிருந்தோரைக் காத்தது. வெளியே 17 பேர் மாண்டனர்.

மதிலும் வேண்டும், துணிவும் வேண்டும். ஆயினும், நம்மை நம்பி வாயிலில் வரிசையாய் நிற்போரையும் காப்பதே முழுமையான காவல் எனக் கருதுகிறோம்.