சான்றிதழ் தராத கல்லூரி: திலோனியாவிடமிருந்து நாம் கேட்க வேண்டிய கேள்விகள்

போருக்குப் பின்னர் வன்னியில் செய்தி சேகரிக்கச் சென்ற பல வீடுகளில் ஒரே காட்சியைப் பார்த்திருக்கிறேன். சுவரில் சட்டம் போட்டு மாட்டிய சான்றிதழ்கள் இருக்கும். தையல் பயிற்சி, கோழி வளர்ப்பு, சிறுதொழில் முகாமைத்துவம், பெண் தலைமைத்துவம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். மூலையில் துணியால் மூடப்பட்ட தையல் இயந்திரம் ஒன்று நிற்கும். பயிற்சி தந்த நிறுவனம் திட்டக் காலம் முடிந்ததும் போயிருக்கும். அந்தப் பெண்ணோ நுண்கடன் தவணை வாங்க வருபவரை எதிர்பார்த்துக் கொண்டிருப்பார்.

இதற்கு நேர்மாறாக, சான்றிதழே கொடுப்பதில்லை என்பதைக் கொள்கையாக வைத்திருக்கும் ஒரு கல்லூரி இந்தியாவின் ராஜஸ்தான் மாநிலத்தில் இருக்கிறது. அஜ்மீர் மாவட்டத்தில், ஜெய்ப்பூரிலிருந்து ஏறத்தாழ நூறு கிலோமீற்றர் தொலைவில் உள்ள திலோனியா என்ற கிராமத்தில் அது இயங்குகிறது. உலகம் அதை ‘பெயர்ஃபுட் கொலேஜ்’, அதாவது வெறுங்கால் கல்லூரி என்று அறிந்திருக்கிறது. நிலைபேறான அபிவிருத்தி, சமூகப் பொறுப்பு என்ற சொற்கள் இன்று எல்லாப் பல்கலைக்கழகங்களின் திட்ட அறிக்கைகளிலும் இருக்கின்றன. அவை நடைமுறையில் எப்படி இருக்கும் என்று பார்ப்பதற்குத் திலோனியா நல்ல இடம். அங்கு சாதிக்கப்பட்டவற்றோடு சறுக்கல்களும் இருக்கின்றன.

மாதம் ஒரு ரூபா வாடகை

கல்லூரியைத் தொடக்கியவர் சஞ்சித் ‘பங்கர்’ ரோய். வசதியான குடும்பம், டூன் பாடசாலை, டெல்லி சென்ற் ஸ்டீபன்ஸ் கல்லூரி, ஸ்குவாஷ் விளையாட்டில் தேசிய சம்பியன் என்று அவருடைய பாதை உயர் பதவி ஒன்றை நோக்கியே போய்க்கொண்டிருந்தது. 1960களின் நடுப்பகுதியில் பீகாரில் ஏற்பட்ட பஞ்சத்தை நேரில் பார்த்தது அந்தப் பாதையை மாற்றியது. பின்னர் சில வருடங்கள் கிராமங்களில் கிணறு வெட்டும் வேலை செய்தார். 1972 இல், திலோனியாவில் கைவிடப்பட்டிருந்த காசநோய் வைத்தியசாலை வளாகம் ஒன்றை அரசாங்கத்திடமிருந்து மாதம் ஒரு ரூபா வாடகைக்குப் பெற்று, ‘சமூகப் பணி மற்றும் ஆய்வு நிலையம்’ என்ற பெயரில் வேலையை ஆரம்பித்தார். வெறுங்கால் கல்லூரி என்ற பெயர் பிற்பாடு வந்தது. சீனாவின் கிராமங்களில் பணியாற்றிய ‘வெறுங்கால் வைத்தியர்கள்’ என்ற எண்ணமும் காந்தியின் கிராமியச் சிந்தனையும் அதில் கலந்திருக்கின்றன.

ஆரம்பத்தில் அங்கு வந்தவர்கள் நகரத்தில் படித்த நிபுணர்களே. நிலத்தடி நீர் பற்றிய ஆய்வுதான் முதல் வேலை. படித்தவர்கள் வந்து செய்து கொடுத்துவிட்டுப் போனால் கிராமத்தில் எதுவும் மிஞ்சாது என்பது சில வருடங்களில் தெளிவானது. கல்லூரியின் அடிப்படை விதி அதிலிருந்து உருவானது: கிராமத்தின் பிரச்சினைக்கு முதலில் கிராமத்தில் இருக்கும் அறிவைத் தேடு. வெளியிலிருந்து ஆள் வேண்டுமானால், அவர் தன் வேலையை உள்ளூரவருக்குக் கற்றுக்கொடுத்துவிட்டுப் போக வேண்டும்.

இதற்கு நல்ல உதாரணம் கைப்பம்பி. கிராமங்களில் அரசாங்கம் குழாய்க் கிணறு வெட்டிப் பம்பி பொருத்தியது. பம்பி பழுதானால் திருத்துவதற்கு நகரத்திலிருந்து ஆள் வர வேண்டும். வாரங்கள், சில வேளை மாதங்கள் ஓடிவிடும். திலோனியா, அந்தந்தக் கிராமத்தில் படிப்பைப் பாதியில் விட்ட இளைஞர்களைத் தேர்ந்து பம்பி திருத்தப் பழக்கியது. பின்னர் பெண்களும் இந்த வேலைக்கு வந்தார்கள். தண்ணீர் சுமப்பவர் யாரோ, பம்பி ஓடுவதில் அக்கறையும் அவருக்குத்தானே கூடுதலாக இருக்கும்.

கூரையில் விழும் மழை, சமையலறையில் வெயில்

ராஜஸ்தானின் இந்தப் பகுதி வறண்டது. நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பாகவும் புளோரைட் கூடியதாகவும் இருக்கிறது. கல்லூரியின் புதிய வளாகம் 1986 முதல் 1989 வரை கட்டப்பட்டது. எழுதப் படிக்கத் தெரியாத உள்ளூர் மேசன்மார்தான் அந்த வேலையில் முன்னின்றார்கள். கூரைகளில் விழும் மழைநீர் குழாய்கள் வழியாக நிலத்தடித் தொட்டிக்கு வருகிறது. வளாகத்தில் உள்ள திறந்தவெளி அரங்குக்குக் கீழே நான்கு இலட்சம் லீற்றர் கொள்ளும் தொட்டி இருக்கிறது. மேலே கூத்தும் கூட்டமும் நடக்கும். கீழே கோடைக்கான தண்ணீர் கிடக்கும்.

மின்சாரமும் சூரிய ஒளியிலிருந்தே வருகிறது. விளக்கு, கணினி, தண்ணீர்ப் பம்பி எல்லாம் அதில் ஓடுகின்றன. சமையலுக்குக் கண்ணாடித் துண்டுகள் பதித்த பெரிய குழிவான சூரிய அடுப்புகள் இருக்கின்றன. அவற்றைச் செய்பவர்கள் உள்ளூர்ப் பெண்கள். சாம்பர் உப்பு ஏரிப் பக்கமாக உள்ள கோட்ரி கிராமத்தில் 2006 இல் சூரிய மின்சாரத்தில் இயங்கும் உப்பு நீக்கும் நிலையம் ஒன்று அமைக்கப்பட்டது. கிணற்றுநீர் உவராகிப்போன தீவகத்து மக்களுக்கும், எண்ணெய் கலந்த கிணற்றுநீர்ப் பிரச்சினையை அனுபவித்த சுன்னாகம் மக்களுக்கும் இதன் பெறுமதியை விளக்கத் தேவையில்லை.

வளாகத்தைக் கட்டும்போது கையாண்ட அதே விதி சம்பளத்திலும் இருக்கிறது. பட்டம் பெற்றவருக்கும் பெறாதவருக்கும் இடையில் சம்பள இடைவெளி மிகக் குறைவு. அங்கு வேலை செய்ய வருபவர்கள் பணத்துக்காக வருவதில்லை என்பதை நிறுவனம் வெளிப்படையாகவே சொல்லி வருகிறது.

ஆடு மேய்த்த பின் பாடசாலை

பகலில் ஆடு மாடு மேய்க்கும் பிள்ளை பாடசாலைக்கு எப்போது வரும்? 1975 முதல் திலோனியா நடத்திவரும் இரவுப் பாடசாலைகள் இந்தக் கேள்விக்கான பதில். வேலை முடிந்த பின், சூரிய விளக்கின் வெளிச்சத்தில் வகுப்பு நடக்கிறது. எழுத்தோடும் கணக்கோடும் கால்நடைகளின் நோய், வாக்குரிமை, காணி அளத்தல், பொலிஸிடம் முறைப்பாடு செய்வது எப்படி என்பவையும் பாடங்கள். இந்தப் பிள்ளைகள் தங்களுக்குள் தேர்தல் வைத்துச் சிறுவர் பாராளுமன்றம் ஒன்றைத் தெரிவு செய்கிறார்கள். அதில் பிரதமரும் அமைச்சர்களும் உண்டு. ஆசிரியர் ஒழுங்காக வருகிறாரா, விளக்கு எரிகிறதா, தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பது அவர்களுடைய பொறுப்பு.

பொறியியலாளரான அம்மம்மாமார்

திலோனியாவுக்கு உலகப் பெயர் வாங்கிக் கொடுத்தது சூரிய மின்சாரப் பயிற்சி. 2005 இல் ஆப்கானிஸ்தானிலிருந்து பெண்கள் பயிற்சிக்கு வந்தார்கள். 2008 முதல் இந்திய அரசாங்கம் தனது ‘ஐரெக்’ தொழில்நுட்பக் கூட்டுறவுத் திட்டத்தின் கீழ் வெளிநாட்டுப் பெண்களின் பயணச் செலவையும் பயிற்சிச் செலவையும் ஏற்கத் தொடங்கியது. ஆபிரிக்க நாடுகளிலிருந்தே பெருமளவில் பெண்கள் வந்தார்கள்.

பயிற்சிக் காலம் ஆறு மாதம். வருபவர்களுக்குப் பொதுமொழி கிடையாது, பலருக்கு எழுத்தறிவும் கிடையாது. நிறங்களாலும் கைச் சைகைகளாலும் திரும்பத் திரும்பச் செய்து பார்ப்பதாலும் கற்கிறார்கள். மின்சுற்றுப் பலகையில் எந்த உறுப்பு எங்கே வரும், எந்த நிறக் கம்பி எதோடு சேரும் என்பது கைப்பழக்கத்தில் வந்துவிடுகிறது. அவர்களுக்குக் கற்றுக்கொடுப்பவர்களும் கிராமத்துப் பெண்களே.

ஏன் நடுத்தர வயதைக் கடந்த பெண்கள்? இளைஞர்களைப் பயிற்றுவித்தால், கையில் ஒரு சான்றிதழ் கிடைத்தவுடன் நகரத்துக்கு வேலை தேடிப் போய்விடுகிறார்கள் என்பது கல்லூரியின் அனுபவம். பேரப்பிள்ளைகள் உள்ள பெண் ஊரை விட்டுப் போகமாட்டார். ஆகவே அவரிடம் கொடுத்த அறிவு ஊரில் நிற்கும். சான்றிதழ் கொடுக்காததற்கும் இதுவே காரணம்: ஒருவருக்கு வேலை தெரியும் என்பதை உறுதிப்படுத்த வேண்டியவர்கள் அவர் சேவை செய்யும் ஊரவர்கள்.

பயிற்சி தொடங்குமுன்பே கிராமத்துடன் ஓர் உடன்பாடு செய்யப்படுகிறது. ஊரில் ஒரு குழு அமைய வேண்டும். மண்ணெண்ணெய், மெழுகுதிரி, பட்டரிக்கு ஒவ்வொரு வீடும் மாதம் எவ்வளவு செலவழிக்கிறது என்று பார்த்து, அந்த அளவில் ஒரு தொகையை மாதாந்தம் கட்டச் சம்மதிக்க வேண்டும். திரும்பி வரும் பெண்ணின் சம்பளமும் உதிரிப் பாகங்களின் செலவும் அந்தப் பணத்திலிருந்து போகும். பயிற்சிக்குப் பின் என்ன வருமானம் என்ற கேள்விக்கு, பயிற்சிக்கு முன்பே பதில் எழுதப்படுகிறது.

இந்தப் பயணம் எல்லாப் பெண்களுக்கும் சுலபமானதல்ல. 2012 இல் வெளியான ‘ரஃபியா: சோலார் மாமா’ என்ற ஆவணப்படம், ஜோர்தான் பாலைவனத்திலிருந்து திலோனியாவுக்கு வந்த ஒரு தாயைப் பின்தொடர்கிறது. விவாகரத்துச் செய்து பிள்ளைகளை எடுத்துவிடுவேன் என்று கணவர் மிரட்ட, அவர் பயிற்சியை இடையில் விட்டு ஊர் திரும்புகிறார். பின்னர் மீண்டும் வந்து முடிக்கிறார். ஒரு பெண் தொழில் கற்பது வீட்டுக்குள் எதையெல்லாம் அசைக்கிறது என்பதை அந்தப் படம் காட்டுகிறது.

கூலிக்காக நீதிமன்றம் சென்ற கல்லூரி

சமூகப் பொறுப்பு என்பது சூரிய விளக்கோடு முடிந்துவிட்டால் யாருக்கும் அதனால் சங்கடமில்லை. திலோனியா அதற்கு அப்பாலும் போனது. 1980களின் தொடக்கத்தில், வறட்சி நிவாரண வேலையாக அருகிலுள்ள மதன்கஞ்ச் – ஹர்மாரா வீதி போடப்பட்டபோது, அங்கு வேலை செய்தவர்களுக்குச் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி கிடைக்கவில்லை. வேலையாட்களில் பெரும்பாலானோர் பெண்கள். ஹர்மாராவைச் சேர்ந்த நௌர்தி பாய் என்ற தலித் பெண் எதிர்ப்பில் முன்னின்றார். சஞ்சித் ரோயின் பெயரில் வழக்கு இந்திய உச்ச நீதிமன்றத்துக்குச் சென்றது. பஞ்ச நிவாரணம் என்ற பெயரில் குறைந்தபட்சக் கூலியை மறுக்க முடியாது என்று 1983 ஜனவரியில் தீர்ப்பு வந்தது.

பின்னர் நௌர்தி பாய் திலோனியாவில் எழுதப் படிக்கக் கற்றார், கணினியும் பழகினார். 2010 இல் ஹர்மாரா கிராமப் பஞ்சாயத்தின் தலைவரானார்.

அதே திலோனியாவில், இந்திய ஆட்சிப் பணியிலிருந்து விலகி வந்து பல வருடங்கள் வேலை செய்தவர் பங்கர் ரோயின் மனைவி அருணா ரோய். 1983 இல் அங்கிருந்து விலகிய அவர், 1990 இல் வேறு சிலருடன் சேர்ந்து தொழிலாளர், விவசாயிகளின் அமைப்பொன்றைத் தொடங்கினார். வேலை செய்தவர்களின் பெயர்ப் பட்டியலையும் செலவுக் கணக்கையும் காட்டு என்று அந்த அமைப்பு நடத்திய போராட்டங்கள், இந்தியாவின் 2005 ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு வழிவகுத்தவற்றில் முக்கியமானவை. அரசாங்கத்திடம் கணக்குக் கேட்பவர்கள் தாங்களும் கணக்குக் காட்ட வேண்டும் என்ற அடிப்படையில், திலோனியா தன் வரவு செலவையும் ஊர் மக்கள் முன் விசாரணைக்கு வைத்தது.

சறுக்கல்களும் வரம்புகளும்

2001 இல் திலோனியாவின் கட்டடங்களுக்கு ஆகா கான் கட்டடக்கலை விருது கிடைத்தது. வளாகத்தை வடிவமைத்ததில் தொழில்முறைக் கட்டடக் கலைஞர் ஒருவருக்கும் பங்கிருந்தது, அது உரிய முறையில் சொல்லப்படவில்லை என்ற சர்ச்சை எழுந்தது. முடிவில் கல்லூரி விருதைத் திருப்பிக் கொடுத்தது. ‘எழுதப் படிக்கத் தெரியாதவர்களே எல்லாம் செய்தார்கள்’ என்ற கதை கேட்க இனிமையானது. ஆனால் உண்மையில் பெரும்பாலும் இரு தரப்பின் அறிவும் கலந்தே வேலை நடக்கிறது. அதைச் சொல்வதால் மேசனின் பெருமை குறையாது.

வேறு வரம்புகளும் உண்டு. கிராமத்துக்கு வரும் சூரியத் தகடுகளும் பட்டரிகளும் பெரும்பாலும் வெளி நிதியிலேயே வாங்கப்படுகின்றன. பட்டரி சில வருடங்களில் மாற்ற வேண்டியது. மாதக் கட்டணம் ஒழுங்காகச் சேராத ஊரில் அதற்குப் பணம் இருக்காது. சான்றிதழ் இல்லாமை ஊரில் நிற்பவருக்குப் பலம் என்றாலும், இடம்பெயர வேண்டி வந்த பெண்ணுக்கு அது பலவீனமே. இரண்டு மூன்று தடவை ஊர் விட்டு ஓடிய நமக்கு இந்தக் கடைசி விடயம் நன்றாகப் புரியும்.

நாம் கேட்க வேண்டியவை

திலோனியாவை அப்படியே கிளிநொச்சிக்கோ முல்லைத்தீவுக்கோ கொண்டுவர முடியாது. இங்கு எழுத்தறிவு அதிகம், பெரும்பாலான வீடுகளில் மின்சாரம் இருக்கிறது. ஆனால் வடக்கு கிழக்கில் பயிற்சி நடத்த வரும் ஒவ்வொரு நிறுவனத்திடமும், நமது கல்லூரிகளிடமும் தொழிற்பயிற்சி நிலையங்களிடமும் கேட்கக்கூடிய சில கேள்விகளை அது தருகிறது.

பயிற்சிக்குப் பிறகு இந்தப் பெண்ணுக்கு யார், எந்தப் பணத்திலிருந்து கூலி கொடுப்பார்கள் என்பது பயிற்சிக்கு முன்பே எழுதப்பட்டிருக்கிறதா? பொருத்தும் கருவி பழுதானால் திருத்த இந்த ஊரிலேயே ஆள் பழக்கப்படுகிறாரா? கிணற்றையும் குளத்தையும் பற்றி வயதானவர்கள் அறிந்து வைத்திருப்பதை யாராவது கேட்டார்களா? திட்டத்தின் செலவுக் கணக்கை ஊர்க் கூட்டத்தில் வாசிப்பார்களா?

கடைசிக் கேள்வியைக் கேட்க இலங்கையில் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பிரதேச செயலகத்துக்கு ஒரு விண்ணப்பம் எழுதி, நம் ஊரின் பெயரில் வந்த திட்டத்துக்கு அரசாங்கம் எவ்வளவு ஒதுக்கியது, யாருக்குக் கொடுத்தது என்று கேட்கலாம். விண்ணப்பத்தைத் தமிழிலேயே எழுதலாம். காரணம் சொல்ல வேண்டியதில்லை.